அளவை மதகுக்குள் குடிபோன கதை

செயற்கூறுகள் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஓர் அணையைக் காக்கும் கணினி நிரலில் அவை எல்லாம் ஒரே வெட்டவெளியில் குடியிருந்தன. செயற்கூறு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு வேலைக்கென்று எழுதிய நிரல் துண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவந்து தன் வேலையை முடித்துக் கொடுக்கும். கூப்பிட்டது யார் என்று பார்க்கும் வழக்கம் மட்டும் கிடையாது.

அவற்றில், அணையில் தண்ணீர் எவ்வளவு என்று அளவை சொல்லும். அதைக் கேட்டு மதகு கதவைத் திறக்கும். எவ்வளவு மழை பெய்தது என்று தூறல் சொல்லும். வேலை இல்லாத நேரமெல்லாம் அளவை தூறலோடுதான் கதை பேசிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் தூறல் கேட்டது: "நான் அங்குலத்துல பேசுறேன், நீ அடியில பேசுற. எனக்காக அங்குலத்துக்கு மாறிக்கயேன்."

தூறலிடம் மாட்டேன் என்று சொல்ல அளவைக்கு வராது. மாறிக்கொண்டது. மதகிடம் சொல்ல மறந்தே போனது.

மறுநாள் தண்ணீர் இருபத்தைந்து அடி. மதகு கேட்டபோது அளவை "முந்நூறு" என்றது. முந்நூறு அடியா என்று பதறிய மதகு எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டது. கீழே அறுப்புக்கு நின்ற நெல் அத்தனையும் தண்ணீரில் போனது.

மதகு திட்டவில்லை. அதுதான் அளவைக்கு இன்னும் வலித்தது.

"எனக்குள்ள வந்துடு," என்றது மதகு. "என்கிட்ட இருக்குறதெல்லாம் உனக்கும் தெரியும். வெளியில யாரை வேணும்னாலும் நீ கூப்பிடலாம். ஆனா உன்னை என்னைத் தவிர யாரும் கூப்பிட முடியாது."

"தூறலுமா, அண்ணே?"

"தூறலும்தான். இல்லன்னா அது இன்னொரு நாள் கேட்கும், நீயும் மாறிடுவ."

அளவைக்குத் தன்னைப் பற்றித் தெரியும். தூறலிடம் சொல்லிக்கொள்ளப் போனால் திரும்பி வர மனம் வராது என்று, அப்படியே உள்ளே போனது. மதகு தன் நிரல் வரிகளைச் சுற்றியிருந்த அடைப்புக்குறியை மூடிக்கொண்டது.

அடுத்த நாள் தூறல் "அளவை" என்று கூப்பிட்டது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று நிரலிடமிருந்து பதில் வந்தது. உள்ளே இருந்த அளவைக்கு எல்லாம் கேட்டது. குரல் கொடுக்க முடியாமல் அழுதது.

மழையளவு தேவைப்படும்போது இப்போதும் அளவை தூறலைக் கூப்பிடும். "ரெண்டு அங்குலம்" என்று சொல்லிவிட்டு, கூப்பிட்டது யாரென்று தெரியாமலே தூறல் போய்விடும். அந்தக் குரலுக்காகவே அளவை சில நாள் இரண்டு தடவை கூப்பிடும்.

அன்று முதல்தான், ஒரு செயற்கூறுக்குள்ளேயே எழுதி அறிவிக்கப்பட்ட இன்னொரு செயற்கூறு வெளியே இருப்பவர்களைக் கூப்பிடுகிறது. வெளியே இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.