எலுமிச்சம்பழம் கட்டிய கார்

அரிசி ஆலை முதலாளி கைலாசம் என்றாலே ஊருக்கு நடுக்கம். அவருடைய காரில் இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைத் தண்ணீரான கூலண்ட் அடிக்கடி குறைந்தது. நிறுத்திவைத்துப் பார்த்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது.

"நீதான்டா திருடி விக்கிற. இல்ல, ஓட்டைன்னா மதியத்துக்குள்ள காட்டு. இல்லேன்னா போலீஸ்தான்" என்றார் டிரைவர் தவசியிடம்.

அவனை நம்பி வீட்டில் நான்கு உயிர். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். சூட்டில் ரப்பர் குழாய் உப்பியதும், ஒரு கம்பி முனை குத்திய ஓட்டை விரிந்து பச்சைத் தண்ணீர் துளிர்த்தது. ஆறியதும் ஓட்டை மூடிக்கொண்டது.

திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டிய கம்பி அது. வெளியே கட்டினால் எவனாவது அவிழ்த்துவிடுவான் என்று முதலாளியே எல்லோர் முன்னாலும் பானெட்டுக்குள் கட்டியது.

தவசிக்குப் பயம் இரண்டு மடங்கானது. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஜெயில்.

ஆலை ஆட்கள் கூடியிருந்தபோது முதலாளி முன் கைகட்டி நின்றான்.

"ஐயா, ஓட்டை போட்டவரைக் கண்டுபிடிச்சிட்டேன். பெரிய இடம். பேரைச் சொல்லப் பயமா இருக்கு. தண்டனையை நீங்க முதல்ல சொல்லிடுங்க."

"எவனா இருந்தா எனக்கென்ன? இன்னையிலேருந்து ஒரு மாசம் அவன் எந்தக் கார்லயும் ஏறக்கூடாது. வெயில்ல நடந்தே சாகட்டும்!"

தவசி பானெட்டைத் திறந்து, குழாயில் குத்தி நின்ற கம்பியைக் காட்டினான். முதலாளி கம்பியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், பிறகு வெளியே வெயிலைப் பார்த்தார்.

தவசி கைகட்டியபடியே கேட்டான்.

"ஐயா, குடை கொண்டாரட்டுமா?"