சிலுப்பன் ஒட்டிய ஒன்பது பஞ்சர்

ஒரு காட்டில் சைக்கிள் புதிதாக வந்திருந்த சமயம். சைக்கிள் செய்து விற்ற கரடி பெரிய பந்தயம் ஒன்றை அறிவித்தது.

"மலையடிச் சுனைக்குப் போய், அங்கே கொக்கிடம் முத்திரை வாங்கிக்கொண்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். போக வர நூறு மைல். ஜெயிப்பவரைச் சம்பளம் கொடுத்து என் கம்பெனிக்கு ஓட்ட வைத்துக்கொள்வேன். வழியில் எது பழுதானாலும் அவரவரே சரிசெய்ய வேண்டும். அடுத்தவர் கை பட்டால் இருவருமே ஆட்டத்திலிருந்து நீக்கம்!"

நரியும் காட்டெருமையும் பெயர் கொடுத்தன. கடைசியாக வந்தது சிலுப்பன் என்கிற முள்ளம்பன்றி. அதற்கு அந்த வேலை மேல் உயிர்.

"நீயா?" என்று நரி விழுந்து விழுந்து சிரித்தது. "உன் முள்ளே உன் டியூபைக் குத்திடுமே!"

உண்மைதான். சைக்கிள் வாங்கிய நாள் முதல் சிலுப்பனுக்குத் தினமும் மூன்று பஞ்சர். முதலில் அழுதது. பிறகு ஒட்டக் கற்றுக்கொண்டது. பந்தயத்துக்கும் பசையும் ரப்பர் துண்டும் பம்பும் கட்டி எடுத்துக்கொண்டுதான் வந்தது.

பந்தயம் தொடங்கியது. நரி முன்னால் பறந்தது. யாரும் தன்னை எட்டிப் பிடிக்கக் கூடாதென்று, பை நிறையக் கொண்டுவந்த கருவேல முள்ளை வழியெங்கும் தூவிக்கொண்டே போனது.

பின்னால் வந்த காட்டெருமையின் இரண்டு சக்கரமும் இறங்கின. பஞ்சர் ஒட்டத் தெரியாத அது வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டியது.

சிலுப்பனுக்கும் பஞ்சர்தான். உட்கார்ந்தது, ஒட்டியது, ஏறி மிதித்தது. மறுபடி பஞ்சர். சுனையைத் தொடுவதற்குள் ஐந்து தடவை ஒட்டியாயிற்று. நரி எப்போதோ திரும்பிப் போயிருந்தது. முத்திரையை வாங்கிக்கொண்டு சிலுப்பனும் சைக்கிளைத் திருப்பியது.

பாதி வழியில் நரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. தான் தூவிய முள் வழியாகவே தானும் திரும்ப வேண்டும் என்பதை அந்தப் புத்திசாலி மறந்துவிட்டது!

"சிலுப்பா, கொஞ்சம் ஒட்டிக் குடுப்பா. என் வண்டிக்கு எப்பவும் குரங்குதான் ஒட்டும், எனக்குத் தெரியாது."

"என் கை பட்டா ரெண்டு பேரையும் நீக்கிடுவாங்க, அண்ணே. கத்துக்கிட்டு வாங்க."

திரும்பும் வழியில் இன்னும் நான்கு பஞ்சர். பொழுது சாயும் நேரத்தில் சிலுப்பன் தன்னந்தனியாக எல்லைக் கோட்டைத் தாண்டியது. காடே கைதட்டியது.

"எத்தனை பஞ்சர்?" என்று கரடி கேட்டது.

"ஒன்பது."

"யார் ஒட்டினது?"

பசையும் கரியும் அப்பிய இரண்டு கைகளையும் சிலுப்பன் எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டியது. அதன் நெஞ்சு பெருமையில் விம்மியது.

"ஒன்பதும் நான் ஒட்டினது!"

கரடி அந்த அழுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கி, அங்கேயே வேலை கொடுத்தது.

நீதி: தினப்படித் தொல்லையைத் தன் கையாலேயே தீர்த்துப் பழகியவர், பெரிய சோதனையிலும் தலைநிமிர்ந்து வருவார்.