தாளாளர் கண்ணெதிரே அழிந்த கோப்பு

இரண்டாம் வகுப்புக் கூரை எந்த நேரமும் விழும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கையை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியவள் பள்ளி டைப்பிஸ்ட் அமலோற்பவம். தாளைக் கிழித்துப் போட்ட தாளாளர் தர்மலிங்கம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இதையும் அழி. என் கண்ணு முன்னால அழி. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

திரையில் தெரிந்த சின்னப் படத்தை அவள் அழித்தாள். திரைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று நம்பும் மனுஷருக்குப் பரம நிம்மதி.

மறுநாள், கூரையைப் பற்றிப் பெற்றோர் கொடுத்த புகாரோடு கல்வி அதிகாரி வந்து, பொறியாளரின் அறிக்கையைக் கேட்டார்.

"அப்படியொரு அறிக்கையே வரலை மேடம். கம்ப்யூட்டரை வேணா பாருங்க!" என்றார் தர்மலிங்கம்.

அமலோற்பவம் டி டிரைவைத் திறந்தாள். 'கட்டடம்' என்ற ஃபோல்டரில் அறிக்கை பத்திரமாக இருந்தது.

"நேத்து அழிச்சியேடி! நான் பார்த்தேனே!" அதிகாரி பக்கத்தில் நிற்பதையும் மறந்து கத்தினார்.

"நீங்க பார்த்தது ஷார்ட்கட், சார். வாசல்ல மாட்டின பெயர்ப்பலகையைக் கழட்டினேன். வீடு உள்ளேதானே இருக்கும்?"

வகுப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பிள்ளைகள் தப்பித்தார்கள். தாளாளர் நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை, அமலோற்பவத்தின் வேலைதான் போனது. அடுத்த டைப்பிஸ்டை எடுக்கும்போது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்:

"ஷார்ட்கட்டுன்னா என்னன்னு தெரியுமா?"

தெரியாது என்றவளுக்கு வேலை கிடைத்தது.