கரிப்பானையும் நூறு தாம்பாளமும்

வெயிலுக்குக்கூட வரி போடலாமா என்று யோசிக்கிற ராஜா ஒருவன் முன்னொரு காலத்தில் கரம்பைநாட்டை ஆண்டுவந்தான். வீரமாறன் என்று பெயர். காலையில் ஒருவனுக்குப் பல்லக்கு பரிசளிப்பான். மாலையில் அதே ஆளைப் பல்லக்குத் தூக்க வைப்பான்.

அவனுக்கு வாய்த்த மந்திரி குழைக்காதர். புதிதாக ஒரு இயந்திரம் கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் மறந்துபோகும். கோட்டைமேல் காற்றாடிச் சக்கரம் வைத்தால் கிணற்றுத் தண்ணீர் தானாக ஏறும் என்பார். விறகு எரிகிற வேகத்தைப் பார்த்து அடுத்த வருஷத்து நெல் விலையைச் சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அரண்மனைக்கு விறகு போடும் குத்தகை தாண்டவராயர் கையில் இருந்தது. மந்திரி வாயைத் திறந்தாலே அவருக்கு வேப்பங்காய்.

ஒருநாள் சபையில் மந்திரி ஆரம்பித்தார். "மகாராஜா, மேற்கு மலைக்காடு பாதி மொட்டையாகிவிட்டது. உழவு மாடெல்லாம் விறகு வண்டி இழுக்கப் போய்விட்டது. உழவு தள்ளிப்போகிறது, நெல் விலை ஏறுகிறது. ஜனங்களின் வயிற்றெரிச்சல் அரியணை வரைக்கும் வரும். தலைக்கு மேலே ஆண்டவன் இத்தனை பெரிய அடுப்பை மூட்டி வைத்திருக்கும்போது நாம் எதற்குக் காட்டை வெட்டவேண்டும்?"

தாண்டவராயருக்குப் பகீரென்றது. ஆனாலும் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் மந்திரியார் அந்த அடுப்பில் ஒரு பானைப் பொங்கல் வைத்துக் காட்டட்டுமே!"

ராஜா கைதட்டினான். "பலே! பொங்கிவிட்டால் விறகுக் குத்தகை ரத்து. பொங்காவிட்டால் மந்திரியின் நாக்கை அறுத்துவிடுவேன். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது!"

நாக்கு வரைக்கும் போகும் என்று தாண்டவராயரே நினைக்கவில்லை. மந்திரியின் முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னார்: "மகாராஜாவின் பிறந்த நட்சத்திரத்தன்று செய்கிறேன். பானையை மட்டும் அரண்மனை கொடுக்கட்டும்."

மறுநாளே தாண்டவராயரின் ஒற்றன் ஓடிவந்தான். "ஐயா, மந்திரி பித்தளைப் பாத்திரம் அடிக்கிற கன்னார் தெருவில் நிற்கிறார். பித்தளைத் தாம்பாளத்தை வெயிலில் பிடித்துச் சுவரில் ஒளி அடிக்கிறார். அப்புறம் அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்!"

"ஓகோ, சங்கதி இதுதானா?" என்றார் தாண்டவராயர். பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவில் இருந்த தாம்பாளம் அத்தனையையும் வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டார். பானை கொடுக்கிற வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். குதிரைக்குக் கொள்ளு வேகவைக்கிற, கரி அப்பிப்போன பழம்பானை ஒன்று லாயத்தில் கிடந்தது. "முகத்தில் பூசப்போகிற கரியை முன்கூட்டியே அனுப்புகிறேன்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

கரம்பைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் நட்சத்திர நாளில் பிரபுக்கள் காணிக்கையைத் தாம்பாளத்தில் ஏந்தி வரவேண்டும். எத்தனை தாம்பாளமோ அத்தனை கௌரவம். வீட்டில் நூறு தாம்பாளத்தை அடுக்கி வைத்துக்கொண்டு தாண்டவராயரால் சும்மா இருக்க முடியுமா? புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கச் சொல்லி, பழம் பரப்பி, நூறு ஆட்கள் தலையில் ஏற்றி, மேளதாளத்தோடு வந்து இறங்கினார்.

உச்சி வெயில். முற்றத்தில் மூன்று கல், மேலே கரிப்பானை, பக்கத்தில் வெறுங்கையோடு மந்திரி.

"எங்கே உம்முடைய அடுப்பு?" என்றான் ராஜா.

"இப்போதுதான் வந்து சேர்ந்தது மகாராஜா. தாண்டவராயர் கொண்டுவந்திருக்கிறார்."

தாண்டவராயர் திரும்பித் தன் நூறு ஆட்களையும் பார்த்தார்.

மந்திரி குரலை உயர்த்தினார். "பழத்தை இறக்கி வையுங்கள். மகாராஜா நீடூழி வாழவேண்டும் என்று நினைப்பவர்கள் தாம்பாளத்தை வெயிலில் பிடித்து, ஒளியைப் பானைமேல் விழச் செய்யுங்கள். வேண்டாம் என்பவர்கள் சும்மா நிற்கலாம்."

யார் சும்மா நிற்பார்கள்? ராஜாவின் பார்வை தாண்டவராயர்மேல் வந்து நின்றது. அவரும் ஒன்றைத் தூக்கினார். நூறு ஒளித் துண்டுகள் முற்றத்தில் ஊர்ந்து வந்து பானையில் ஒட்டிக்கொண்டன. நேரம் போனது. தோள் இற்றுப்போனது. வருணபகவானே, ஒரு மேகமாவது அனுப்பக்கூடாதா என்று தாண்டவராயர் மனதுக்குள் கெஞ்சினார். வானம் துடைத்துவிட்டது போல் கிடந்தது.

பானையின் மூடி லேசாக ஆடியது. அப்புறம் கடகடவென்று ஆடியது. நுரை பொங்கி விளிம்பில் வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று மடைப்பள்ளி ஆட்கள் கூவினார்கள். தாண்டவராயர் கையிலிருந்த தாம்பாளம் நழுவிக் கணீரென்று தரையில் விழுந்தது.

ராஜா பானையை மூன்று தரம் சுற்றிவந்தான். குனிந்து நெருப்பைத் தேடினான். நம்பாமல் பானையைத் தொட்டு, "ஐயோ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டான். "அடேயப்பா! ஒரு சுள்ளிகூட இல்லையே! நூறு தாம்பாளம் உமக்கு வரும் என்று எப்படித் தெரியும்?"

"வாங்குகிற வசதி எனக்கு இல்லை மகாராஜா. அதனால் வாங்கக்கூடியவர் காதில் விழும்படி கன்னார் தெருவில் நின்றேன். வாங்கியவர் இன்றைக்குக் காணிக்கை ஏந்திவராமல் இருப்பாரா? ஆனால் பானை நான் எதிர்பாராதது. கறுப்பு வெயிலைக் குடிக்கும். புதுப்பானையாக இருந்தால் இன்னும் நேரமாகியிருக்கும். அது தாண்டவராயரின் தயவு."

அடுப்பும் நான், பானையும் நானா! தாண்டவராயருக்குத் தலை சுற்றியது. கடைசியாக ஒரு பிடி கிடைத்தது. "மகாராஜா! மழைக்காலத்தில் என்ன செய்வார்? அப்போது விறகுதானே வேண்டும்?" என்று கத்தினார்.

"வேண்டும்தான்" என்றார் மந்திரி. "அன்றைக்கு எரிக்க ஒரு காடு மிச்சம் இருக்கவேண்டும் என்றுதானே இத்தனை வருஷமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன்?"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். "குத்தகை ரத்து. தாம்பாளமெல்லாம் மடைப்பள்ளிக்கு. தாண்டவராயரே, இனி வெயில் நாட்களில் அவற்றைப் பிடிக்கும் ஆட்களுக்கு நீர்தான் தலைவர். முதல் அகப்பை பொங்கல் இவருக்குப் போடுங்கள், தோள் வலிக்க உழைத்திருக்கிறார்! மந்திரியாரே, உம் நாக்கு உமக்கே. சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் ஓய்வு கொடும்."

இலை விரித்தார்கள். மந்திரி இரண்டு கவளம்தான் உண்டிருப்பார். "மகாராஜா, அந்தக் காற்றாடிச் சக்கரம்..." என்று ஆரம்பித்தார்.

தாண்டவராயருக்குப் பொங்கல் தொண்டையில் நின்றது. காற்றாடிக்கு உதவுகிற சாமான் ஏதாவது தன் வீட்டில் கிடக்கிறதா என்று பதறிப்போய் யோசிக்க ஆரம்பித்தார்.