தேன் பூசிய மூக்கு

ஒரு மலைக்காட்டில் கரடியும் முள்ளம்பன்றியும் சேர்ந்து, ஒரு குகையில் கிழங்குக் கிடங்கு நடத்திவந்தன. மழைக்காலத்தில் காடு முழுக்க அந்தக் கிடங்கை நம்பித்தான் இருந்தது.

ஆரம்பத்தில் அவை இரண்டு மட்டும்தான். அடடா, அது ஒரு காலம்! யார் வள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாலும் கரடி வாசலில் நின்று மோந்து பார்க்கும். ஒரு கிழங்கை எடுத்து உடைக்கும். பாதியைத் தான் தின்னும், பாதியை முள்ளம்பன்றிக்குக் கொடுக்கும். இரண்டும் "நல்லாருக்கு!" என்று சொன்ன பிறகே மற்ற கிழங்குகள் உள்ளே போகும். மண் வாசனையும் சிரிப்புமாகப் பொழுது போய்விடும்.

கிடங்கு பெரிதானது. மான், முயல், குரங்கு என்று கூட்டமாக வேலைக்குச் சேர்ந்தன. "இனிமே உடைச்சுத் தின்னு பார்க்க நேரமேது?" என்று கரடி அந்த வழக்கத்தை விட்டுவிட்டது. மோந்து பார்ப்பதோடு சரி. முள்ளம்பன்றி உள்ளே அடுக்குகிற வேலையில் மூழ்கிப்போனது. இரண்டும் பேசிக்கொள்வதே அரிதாகிவிட்டது.

ஆனாலும் ஒரு விதி மட்டும் இருந்தது. கிழங்கு கொண்டுவருகிறவர்களிடம் வாசலில் நிற்பவர் தனக்கென்று எதையும் வாங்கக் கூடாது!

கிழங்கு கொடுப்பவர்களுக்கு மழைக்காலத்தில் குகையில் நனையாத இடம் கிடைக்கும். அதற்கு ஆசைப்பட்டு ஒரு நரி வந்தது. தோண்ட அதற்குச் சோம்பல். அழுகின கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போட்டு, மேலே மட்டும் நல்ல கிழங்கைப் பரப்பியிருந்தது. கூடவே இலையில் சுற்றிய தேனடை. கரடிக்கு எது பிடிக்கும் என்று நரிக்குத் தெரியாதா?

"அண்ணே, இது உங்களுக்கு!"

"ஐயையோ, விதி இருக்கே!"

"ஒரு தேனடைக்குப் போய் விதியா? அந்த விதியைப் போட்டதே நீங்கதானே!"

கரடிக்கு எச்சில் ஊறியது. தின்றது. மூக்கெல்லாம் தேன்! அப்புறம் எதை மோந்தாலும் தேன்தானே மணக்கும்? கூடை உள்ளே போனது. நரி மறுநாளும் வந்தது, தேனடையோடு.

உள்ளே முள்ளம்பன்றிக்கு நாற்றம் குமட்டியது. 'பழகின அண்ணன், எப்படிக் கேட்கறது?' என்று அழுகலைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிப் பார்த்தது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மழை பிடித்துக் குகையை அடைத்துவிட்டால் நல்ல கிழங்கும் சேர்ந்து அழுகும். காடே பட்டினி கிடக்கும். முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை.

வானம் கறுத்திருந்த ஒரு நாள், நரி வாசலில் நிற்கும்போதே முள்ளம்பன்றி வெளியே வந்தது. நரி கூடையின் அடியிலிருந்து ஒரு கிழங்கை உருவியது.

"அண்ணே, பழைய மாதிரி பாதி நீங்க, பாதி நான். உடைங்க!"

கரடிக்கு அந்தக் காலம் நினைவுக்கு வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "தேனா மணக்குதே!" என்று ஆசையாய் உடைத்து, தன் பாதியைக் கடித்தது.

தூ! வாயெல்லாம் கசப்பு!

அதற்குள் முள்ளம்பன்றி தன் பாதியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. கரடி பதறிப்போய்த் தட்டிவிட்டது.

"தின்னாதே! அழுகல்!"

"உள்ளே குவிஞ்சு கிடக்கறதும் இதுதான் அண்ணே. மணக்கறது கிழங்கு இல்லை, உங்க மூக்கு!"

கரடி தலைகுனிந்தது. நரி பல்லைக் காட்டியது. "என்னண்ணே, தின்ன தேன் மறந்துபோச்சா? வெளியே சொன்னா யாருக்கு அவமானம்?"

"எனக்குத்தான். அதனால நானே சொல்லிடறேன்!" என்றது கரடி.

எல்லா மிருகங்களையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னது. நரி அதற்குள் ஓட்டம் பிடித்தது. வாசல் வேலையை மானிடம் ஒப்படைத்துவிட்டு, அழுகலையெல்லாம் கரடியே முதுகு ஒடியச் சுமந்து கொட்டியது. கடைசிக் கூடையைக் கொட்டித் திரும்பும்போது முதல் தூறல் விழுந்தது. ஓடையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குகைக்கு வந்தது.

முள்ளம்பன்றி ஒரு கிழங்கை உடைத்துப் பாதியை நீட்டியது. கரடி மோந்து பார்த்தது. வெறும் மண் வாசனை! அதற்குக் கண் கலங்கிவிட்டது.

பொறுப்பில் இருப்பவர் ஆசைப்பட்டு வாங்கும் சின்னப் பரிசுகூட நல்லது கெட்டது அறியும் புத்தியை மழுங்கடித்துவிடும். அதை முகத்துக்கு நேரே சொல்பவரே உண்மையான நண்பர்.