கண்ணாடி வைத்த சைக்கிள்

கம்பம் பள்ளத்தாக்கில், ஊரைவிட்டுத் தள்ளி, ஒரு காலத்தில் திராட்சைப் பெட்டிகளை அடுக்கி வைத்த கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே தவமணி என்கிற பெண்மணி, காலையில் வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் கண்மூடி உட்காரவைப்பார். பிரசங்கம் கிடையாது. கேள்வி கேட்டால் பதில் வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. நாற்பதைத் தாண்டியவர். எல்லாரும் அவரை அக்கா என்றார்கள்.

சுருளிவேலும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா பதிலுக்கு அவரை அண்ணே என்பார். தலை நரையைப் பார்த்தால் அக்கா சொல்வதுதான் சரி. ஆனால் சீடர் விட்டுக்கொடுக்கவில்லை.

அக்காவுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டும் எப்போதாவது வரும். சொல்லிக்கொண்டு வராது. வண்டி ஓடுகிற ரோட்டில் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா அதை அட்சரம் பிசகாமல் கேட்டுக்கொண்டார். வண்டி ஓடாத இடமாகத் தேடி ஓட்டினார்.

அப்படி ஒரு பாதை இருந்தது. தோட்டங்களுக்கு நடுவே சரளை கொட்டிய பாதை. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். வளைந்து வளைந்து முல்லையாற்றங்கரை வரை போகும். கார் இல்லை, லாரி இல்லை, ஹாரன் சத்தமே இல்லை. அந்தச் சரளைக்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்றை அக்கா வாங்கி வைத்திருந்தார். சுருளிவேலுக்கும் அதே மாதிரி ஒன்று.

அக்காவின் தாயார் ஒருநாள் சுருளிவேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இவ சொன்னாக் கேக்க மாட்டா. நீங்களாச்சும் கூடப் போங்க. எம்புள்ளய உங்க கையில ஒப்படைச்சிட்டேன்."

அன்றோடு சுருளிவேலின் நிம்மதி போயிற்று. பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மழையில் மலைப்பாதை இறங்கிய மனுஷன், ஒரே ஒரு ஆளுக்காக உள்ளுக்குள் நடுங்கினார். ஆறு பக்கத்தில் இருப்பதை நினைத்துப் பயந்தார். பாதையோர வாய்க்காலை நினைத்துப் பயந்தார். பந்தல்கால்களுக்கு இடையே வெயில் விட்டுவிட்டு அடித்தால் அதுவே வலிப்பைக் கிளப்பிவிடும் என்று யாரோ சொல்லி வைத்ததிலிருந்து வெயிலையும் பயத்தோடு பார்த்தார்.

"நான் உங்களுக்குப் பின்னாடி வர்றேங்க்கா" என்றார்.

"வேண்டாம்ணே. முன்னாடி போங்க."

"முன்னாடி போனா உங்களை எப்படிப் பாக்குறது?"

"பாதையப் பாருங்க."

குருவின் சொல்லைத் தட்டக் கூடாது. சுருளிவேல் தட்டவில்லை. நேரே கடைக்குப் போய், மோட்டார் சைக்கிளில் மாட்டுகிற பக்கக் கண்ணாடி ஒன்றை வாங்கித் தன் சைக்கிளில் முறுக்கிக்கொண்டார். காலமெல்லாம் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டியவர். வேறென்ன தோன்றும்? அக்கா அதைப் பார்த்தார்.

காய் கறுத்துப் பழுக்கும் சமயம் அது. ஒருநாள் காலை, கிளம்புவதற்கு முன் சுருளிவேல் கேட்டேவிட்டார்.

"அக்கா, இந்தப் பயம் எப்ப என்னைய விடும்?"

அக்கா குனிந்து அவருடைய சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தார். இரும்பு மாதிரி இருந்தது. வால்வு மூடியைத் திருகி எடுத்துவிட்டு, விரலால் அழுத்திக் காற்றை இறக்கினார்.

"ஐயய்யோ, காத்துப் போகுதுக்கா!"

"கல்லுல போறோம்ணே. இம்புட்டு விறைப்பா இருந்தா கல்லுக்குக் கல்லு தூக்கிப் போடும்."

"நான் கேட்டது பயத்தப் பத்தி."

"காதுல விழுந்துச்சுண்ணே" என்றார் அக்கா. மூடியைத் திருகினார். கையைத் துடைத்துக்கொண்டு தலைக்கவசத்தை மாட்டினார்.

கிளம்பினார்கள். மேற்கு மலையில் மேகம் தங்கியிருந்தது. பந்தலுக்கு அடியில் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கியது. பூச்சி மருந்தின் நீலம் இலைகளில் காய்ந்திருந்தது. பழுத்த திராட்சையின் வாசனை பாதை முழுக்க நிறைந்திருந்தது. இதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரிந்தது. சுருளிவேலுக்குக் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது.

சரளையில் கண்ணாடி நிற்குமா? அதிர்ந்துகொண்டே இருந்தது. அதற்குள் அக்கா இரண்டாகவும் மூன்றாகவும் தெரிந்தார். எந்த அக்கா சாய்கிறார், எந்த அக்கா நேராக வருகிறார் என்று உற்றுப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பார்த்த பக்கமே சைக்கிளும் போயிற்று. முன்சக்கரம் ஓரத்துச் சரளையில் வழுக்கி, வாய்க்கால் விளிம்பில் போய் நின்றது. ஒரு காலைத் தண்ணீரில் ஊன்றித்தான் தப்பித்தார்.

அக்கா வந்து நிறுத்தினார்.

"கண்ணாடியில யாரு தெரியிறா?"

"நீங்கதாங்க்கா."

"எப்படி இருக்கேன்?"

"ஆடிக்கிட்டே இருக்கீங்க."

"நான் ஆடலையேண்ணே."

சுருளிவேல் ஈரக்காலோடு மறுபடி ஏறினார். கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை. அந்தத் தாயின் கை இன்னும் தன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலவே அவருக்கு இருந்தது.

ஆற்றை நெருங்கும் இடத்தில் பாதை ஒரு கொண்டை ஊசி வளைவாகத் திரும்பும். வளைவில் முதலில் நுழைந்தவர் சுருளிவேல். கண்ணாடியில் பந்தல்கால் தெரிந்தது, வேலி தெரிந்தது, வெறும் பாதை தெரிந்தது. வளைவு முடிந்த பிறகும் வெறும் பாதைதான் தெரிந்தது.

அவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

அக்கா பாதையோரத்தில் கிடந்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்தில் கவிழ்ந்த சைக்கிளின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் கொத்து வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தரிக்கோலோடு அலறிக்கொண்டு வந்தாள்.

"சாவி இருக்கா? இரும்பு ஏதாச்சும் கையில குடுங்க! ஐயோ, கையைக் காலைப் பிடிங்க!"

"ஒண்ணும் வேண்டாம்மா. பிடிக்கவும் வேண்டாம். தலைகிட்ட கெடக்கிற கல்லுகளை மட்டும் தள்ளிப் போடுங்க."

அவள் கற்களைப் பொறுக்கித் தள்ளினாள். சுருளிவேல் துண்டை மடித்து அக்காவின் தலைக்கு அடியில் வைத்தார். தலைக்கவசத்தின் தாடைப் பட்டையைத் தளர்த்தினார். இழுப்பு அடங்கத் தொடங்கியதும் மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்தார். வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்தார். முகத்தில் வெயில் விழுந்தது. வெயிலுக்கும் முகத்துக்கும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பொழச்சுக்குவாங்களாய்யா?"

"பொழச்சுக்குவாங்க. பயப்படாதீங்க. குடிக்கத் தண்ணி இருந்தா எடுத்துட்டு வந்து வைங்க. அவங்களா எந்திரிச்சுக் கேக்கட்டும்."

உடம்பு ஓய்ந்தது. மூச்சு சீராயிற்று. கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தார். சுருளிவேலின் முகத்தையே பார்த்தார். அவரை யாரென்று அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தூங்கிப்போனார்.

சுருளிவேல் இடத்தைவிட்டு அசையவில்லை. அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

அக்கா மறுபடி கண் விழித்தபோது ஆள் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு. தண்ணீர் குடித்தார். அவர் குடித்து முடித்த பிறகுதான் சுருளிவேலுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சொம்பை வாங்கியவர் தண்ணீரைச் சிந்திவிட்டார்.

"போதும்க்கா. இதோட சைக்கிளை விட்டுருவோம். உங்க அம்மாகிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்? நான்பாட்டுக்கு வளைவுக்கு அங்கிட்டுப் போய்க்கிட்டிருக்கேன், நீங்க இங்கிட்டு விழுந்து கெடக்குறீங்க. பின்னாடி வந்திருந்தாப் பிடிச்சிருப்பேன்."

"பிடிச்சிருப்பீங்களா?"

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஓடுகிற சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, ஓடுகிற இன்னொரு சைக்கிளில் சாய்கிறவரை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கே விளங்கவில்லை.

"இந்தாப் பாருங்க" என்று கையை நீட்டினார். "எப்படி ஆடுதுன்னு பாருங்க. என்னால முடியலக்கா."

"இப்ப ஆடுது. நான் கெடந்தப்ப?"

சுருளிவேல் யோசித்தார். நினைவில் துழாவினார்.

"அப்ப வேலை இருந்துச்சு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது விசித்திரமாகப் பட்டது.

"அதுக்கு முன்னாடி?"

"வீட்டுல கெளம்பினதுலேருந்து நடுக்கந்தான். நேத்தும் நடுக்கந்தான். முந்தாநாளும்."

அக்கா சிராய்ப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"கண்ணு முழிக்கிறப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே. எந்த ஊரு, எம்பேரு என்ன, எதுவும் தெரியாது. மொதல்ல ஒரு முகம் தெரியும். அந்த முகத்துல என்ன இருக்கோ அதுதான் நடந்துருக்குன்னு நம்பிக்குவேன். எங்கம்மா முகத்தப் பாத்துட்டு, என்னமோ பெருசா முடிஞ்சுபோச்சுன்னு நானும் சேர்ந்து அழுதிருக்கேன்."

சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்ததைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டார்.

"இன்னைக்கு?"

"போற வழியில இளைப்பாற உக்காந்திருக்கோம்னு நெனச்சேன்" என்றார் அக்கா. "அதான் திரும்பவும் தூங்கிட்டேன்."