சம்பந்திக்கு ஒரு கொடுவா

கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்டவும், அதில் உட்கார்ந்தபடியே தூண்டில் போடவும் சொல்லிக்கொடுப்பவர் ரோஸ்லின். வயது முப்பத்தெட்டு. பேச்சு ரொம்பக் குறைவு.

அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வண்டி கொஞ்சம் கூடுதலாக நின்றாலே விசிலை வாயில் வைத்துவிடும் மனுஷன். அவர் போய்த் தூண்டில் பிடித்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு அவருக்கு மானப் பிரச்சினை. மகளின் நிச்சயதார்த்தத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நீங்க விருந்துக்கு வர்ற அன்னிக்கு, என் கையால பிடிச்ச கொடுவா மீன்தான் குழம்பு" என்று சொல்லிவிட்டார். மானாமதுரைச் சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டே, "அப்ப அன்னிக்கு ரசம்தான்னு சொல்லுங்க" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. அந்த விருந்து இன்று சாயங்காலம். இதுவரை தில்லைநாயகம் பிடித்தது ஒரே ஒரு கெளுத்தி. அதுவும் அவர் கையில் முள்ளைக் குத்திவிட்டுப் போய்விட்டது.

விடிந்ததும் கயாக்கைத் தண்ணீரில் இறக்கும்போதே கேட்டார்.

"மாஸ்டர், மீன் எங்க நிக்கும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

"தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு சார். பெரிய வாய்க்காலை விட்டு உள்ள போயிடாதீங்க."

கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே துடுப்பைப் போட்டார்.

வலப்பக்கம் ஒரு மீன் துள்ளியது. விழுந்தடித்துக்கொண்டு அங்கே போனார். தூண்டிலை வீசுவதற்குள் இடப்பக்கம் துள்ளியது. தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார். அங்கே போய்ச் சேர்ந்ததும், முதலில் நின்ற இடத்திலேயே சளப் என்று சத்தம் கேட்டது.

ரோஸ்லின் மெதுவாக வந்து, அவர் விட்டுவிட்டுப் போன இடத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் கை நீளத்துக்கு ஒரு கொடுவாவைத் தூக்கினார்.

தில்லைநாயகம் வேகமாகத் துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தார்.

"அது நான் நின்ன இடம் மாஸ்டர்."

"ஆமா சார்."

"அந்த மீனை எங்கிட்ட குடுத்துருங்க. சாயங்காலம் விருந்துக்கு வந்து, நான்தான் பிடிச்சேன்னு சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"விருந்துக்கு வர்றேன் சார். பொய் சொல்ல மாட்டேன்."

சொல்லிக்கொண்டே மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார். தில்லைநாயகம் அது போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பக்கத்து ஓடைக்குள் பெரிதாக ஒன்று துள்ளியது. மாஸ்டர் சொன்னதாவது, மண்ணாவது. உள்ளே புகுந்துவிட்டார். புகுந்தவர் கரையோரம் ஒதுங்கி, தூண்டிலில் விழுந்த சிக்கலை எடுத்து முடிப்பதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கயாக் சேற்றில் பசை போட்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை வைத்தார். தொடைவரை போயிற்று. செருப்பைச் சேற்றுக்கே தானம் பண்ணிவிட்டுக் காலை மட்டும் மீட்டார்.

"மாஸ்டர், மாட்டிக்கிட்டேன்."

பெரிய வாய்க்காலிலிருந்து குரல் வந்தது. "தெரியுது சார்."

"இப்ப என்ன பண்ண?"

"உக்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"தண்ணி வர்ற வரைக்கும்."

எட்டிப் பார்த்தார். ரோஸ்லின் டப்பாவைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. வீட்டுக்காரி.

"சம்பந்தி வீட்டுல கிளம்பிட்டாங்களாம். மார்க்கெட்டுல மீன் வாங்கிரட்டுமா?"

"வேண்டாம். சொன்ன சொல்லு சொன்னதுதான். ரசத்தை மட்டும் கூட்டி வை."

வேலையில் இருந்தவரை ஊர் வண்டியையெல்லாம் விரட்டியவர், இன்று ஒரு நண்டுகூடத் தன்னைச் சட்டை பண்ணாமல் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பார்த்துப் பார்த்து, கடைசியில் பார்ப்பதற்கும் எதுவும் இல்லாமல் போயிற்று.

உச்சிவெயிலில் ஓடை நடுவே கடல் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறத் தொடங்கியது. முதலில் நுரை வந்தது. பின்னால் இறால் வந்தது. வேறு வேலை இல்லையே என்று தூண்டிலை வீசி வைத்தார்.

கோல் வில்லாக வளைந்தது. இறாலைத் துரத்திக்கொண்டு வந்த கொடுவா. கயாக் மட்டும் மிதந்திருந்தால் அது இவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். சேறு விடவில்லை, அதனால் இவரும் விடவில்லை. மீன் மடிக்கு வந்தபோது தில்லைநாயகம் வெட்கமில்லாமல் அழுதார்.

சாயங்காலம் சம்பந்தி மூன்றாவது துண்டையும் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். கேட்டது ரோஸ்லினிடம்.

"நிசமாவே இவருதான் பிடிச்சாராம்மா?"

"அவரேதான்."

"எப்படிம்மா? நிச்சயதார்த்தத்தன்னிக்கு ஒரு நாற்காலியில உக்காரலையே இந்த மனுஷன்."

தில்லைநாயகம் டிக்கெட் பரிசோதகரைப் பார்ப்பதுபோல் ரோஸ்லினைப் பார்த்தார். தில்லைநாயகத்தின் நகக்கண்ணில் சேறு இன்னும் போகவில்லை.

ரோஸ்லின் முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

"மீன் வர்ற வரைக்கும் இடத்தை விட்டு அசையவே இல்லைங்க."

தில்லைநாயகம் ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்தார்.